வருத்தம் பார்க்கச் சில கொரியச் சொற்கள்

ஸ்காபரோ,
மார்ச் 2, 2025, ஞாயிறு

அன்புத் தம்பி துஷாந்துக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான், அத்தான், அட்சயா மூவரும் முருகன் புண்ணியத்தில் சுகம். நீயும் சுகம் என்று போனில் நீ சொல்வதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் காலத்தில் தாளில் கடிதமா என்று சிரிக்காதே. வட்ஸ்அப்பில் நான் பத்து வரி எழுதினால் நீ ஒரு பெருவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால் கையால் எழுதி, அட்சயாவைக் கொண்டு படம் எடுப்பித்து அனுப்புகிறேன். ஒரு வரி விடாமல் வாசி. மார்கழி தொடங்கி ஏழு கிழமை போன் எடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு “ஓவர்டைம் அக்கா” என்று இரண்டு சொல்லில் கதையை முடித்தவன் நீ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் இன்று சண்டை பிடிக்க எழுதவில்லை. உன்னிடம் ஒரு உதவி வேண்டும்.

மிஸிஸ் யுன்னுக்கு ஸ்ட்ரோக் வந்துவிட்டது. அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்கிற ட்ரைகிளீனிங் கடையின் முதலாளியம்மா, உனக்குப் பெயர் தெரியும்தானே. போன மாதம் பதினோராம் திகதி காலை கடை திறக்க வந்தவர், கதவுப் பூட்டில் சாவியைப் போட்டபடியே சரிந்துவிட்டார். நான் எதிர்ப்பக்கத்தில் பஸ்ஸால் இறங்கிக்கொண்டிருந்தேன். சிக்னலையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை, ஓடிப்போய் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அம்புலன்ஸுக்கு அடித்தேன். உயிருக்கு மோசமில்லை. வலது கையும் காலும் இழுத்துவிட்டன.

ஆனால் வேறொன்று நடந்திருக்கிறது, கேட்டால் நம்பமாட்டாய். அவருடைய இங்கிலீஷ் போய்விட்டது. நாற்பது வருடம் இந்த ஊரில் “வெள்ளிக்கிழமை வா, ஸ்டார்ச் போடவா, இந்தக் கறை போகாது” என்று கதைத்த வாயில் இன்று ஒரு இங்கிலீஷ் சொல் இல்லை. சொன்னாலும் விளங்கவில்லை. கொரியன் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. பிறகு படித்த மொழி அடிபட்டு, பிள்ளை வயதில் பேசிய மொழி தப்புவது சிலருக்கு நடக்குமாம். டொக்டர் சொன்னதாக மகள் ஹெலன் சொன்னாள். ஹெலன் பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கிறாள், இரண்டு சின்னப் பிள்ளைகள், வேலை. கொரியன் பேசுகிற பராமரிப்பு இல்லத்துக்கு இங்கே வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஏப்ரல் ஆறாம் திகதி தாயைக் கொரியாவுக்கே கூட்டிப் போகிறாள். ஜொன்ஜு என்ற ஊரில் மிஸிஸ் யுன்னின் தமக்கை குடும்பம் இருக்கிறதாம். போனால் இனித் திரும்பி வரமாட்டார்.

எனக்கு ஐந்து கிழமை இருக்கிறது, துஷா. பதினாறு வருடமாகச் சொல்லாத ஒரு நன்றியை அதற்குள் சொல்ல வேண்டும்.

உனக்கு இந்தக் கதையை நான் முழுதாகச் சொன்னதில்லை. 2009இல் நீ பதினாறு வயதுப் பெடியன், சித்தப்பா ஆக்களோடு வன்னியில் அகப்பட்டிருந்தாய். நான் இந்தக் கடையில் சேர்ந்து நாலே மாதம். உங்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள் ஒருவருடைய கம்பளிக் கோட்டின் மேல் அயர்ன்பெட்டியை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். புகை வந்தது கூட எனக்குத் தெரியவில்லை. மிஸிஸ் யுன் ஓடிவந்து பெட்டியைத் தூக்கினார். நான் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். கோட்டுக்காரர் வந்தபோது தானே சுட்டுவிட்டதாகச் சொல்லி, குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். கோட்டுக்காரர் போனதும் மிஸிஸ் யுன் கடைக் கதவில் “மூடியுள்ளது” பலகையைத் திருப்பிவிட்டு, என்னைப் பின்னறையில் போனடியில் இருத்தினார்.

அன்றிலிருந்து பத்தொன்பது நாள், ஒவ்வொரு காலையும் அவரே போன் எடுத்தார். எனக்கு அப்போது ஒழுங்காக இங்கிலீஷ் வராது. அவருக்கு மட்டும் என்ன பெரிதாக வரும்? ஆனால் விடமாட்டார். காணாமற்போனவர்களைத் தேடித்தருகிற அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் அடித்து, உன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லுவார். அவர்கள் வைத்தால் திருப்பி அடிப்பார். பத்தொன்பதாம் நாள் வவுனியா முகாம் ஒன்றின் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது என்று சொன்னார்கள். எனக்கு முதல் அழுதது அவர்தான். கொரியச் சண்டையில் வடக்குப் பக்கம் அகப்பட்ட தன் அண்ணனைப் பற்றி அதற்குப் பிறகுதான் சொன்னார். அவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் வரவில்லையாம்.

நான் நன்றி சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் மேடையிலே மைக்கைப் பிடித்தால்தானே நன்றி சொல்வார்கள். வடை கொண்டுபோய்க் கொடுத்தேன், பொங்கல் கொடுத்தேன், அவர் வீட்டுத் திரைச்சீலையெல்லாம் தைத்துக் கொடுத்தேன். அவருக்கு விளங்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது வாய் திறந்து சொல்ல வேண்டும் போல் இருக்கிறது, அவருக்கு விளங்குகிற மொழியில்.

நீ கொரியாவில் ஃபக்டரி வேலைக்குப் போக என்று கொரியன் படிக்கிறாய் எனக் கேள்விப்பட்டபோது “உது எந்த நாளைக்கு உதவும்?” என்று கேட்டவள் நான்தான். அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வருத்தம் பார்க்கப் போனால் அந்த ஆட்கள் என்ன சொல்வார்கள், என்ன கொண்டுபோவார்கள், எப்படி இருப்பார்கள், எழுதி அனுப்பு. தமிழ் எழுத்தில் எழுது. அட்சயா யூடியூப்பில் பார்க்கச் சொல்கிறாள். யூடியூப்புக்கு என் தம்பியைத் தெரியுமோ?

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடு.

அன்பு மறவாத அக்கா,
சந்திரவதனா


ஸ்காபரோ,
மார்ச் 16, 2025

அன்புத் தம்பிக்கு,

உன் தாள் கிடைத்தது. கிடைக்க முதல் நான் ஒரு கூத்து ஆடிவிட்டேன், அதை முதலில் சொல்கிறேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சரியாகத்தான் இருக்கிறது.

உன் பதில் வர நாலைந்து நாள் ஆனதும் எனக்குப் பொறுக்கவில்லை. வருத்தம் பார்க்க எனக்குத் தெரியாதா, ஊரில் எத்தனை பேரைப் பார்த்தவள் என்று, எட்டாம் திகதி சனிக்கிழமை வெளிக்கிட்டுவிட்டேன். காலையில் கோயிலுக்குப் போய் மிஸிஸ் யுன் பெயரில் ஒரு அர்ச்சனை செய்வித்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது, கொரியா என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு முருகனுடைய நட்சத்திரத்திலேயே செய்துவிட்டார். அர்ச்சனைத் தட்டில் இருந்த வெள்ளைச் செவ்வந்திப் பூவோடு கடையிலும் ஒரு கட்டு வாங்கிச் சேர்த்து, வடிவாக ரிப்பன் கட்டிக் கொண்டு போனேன். சாமிக்கு வைத்த பூ, அதைவிட நல்ல பூ வேறு உண்டோ?

பூவைக் கண்டதும் மிஸிஸ் யுன் கண்ணை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். நான் களைப்பாக்கும் என்று நினைத்தேன். ஹெலன் முகம் வெளிறிப்போய், பூவை மெதுவாக வாங்கி வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன். ஒரு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும் இருந்தேன். வாய் சும்மா இருக்குமோ? அமிர்தநாதர் அங்கிளுக்கு இதே மாதிரி வந்து நடந்து திரிந்ததை ஹெலனுக்குச் சொன்னேன். பிறகு அவர் இரண்டாம் தரம் வந்து செத்துப் போனதையும் சொன்னேன். பிறகு எட்வேட் வாத்தியாருக்கு வந்தது. அவரும் இல்லை. நான் ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், துஷா. கட்டிலில் கிடந்தவருக்கு நான் சொன்னதில் ஒரு சொல் விளங்காதது முருகன் செயல்.

திங்கட்கிழமை உன் தாளின் படம் வந்தது. “அக்கா, வெள்ளைச் செவ்வந்தி மட்டும் கொண்டு போயிடாதேங்கோ, அது இஞ்சை செத்த வீட்டுப் பூ” என்று மூன்றாவது வரியில் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். அத்தான் வாசித்துவிட்டு, சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார். மலர்வளையமும் கொண்டுபோய், இரங்கல் உரையும் ஆற்றிவிட்டு வந்திருக்கிறாய் என்றார். அட்சயா மட்டும் “அம்மா, தட்ஸ் சோ பேட், யூ ஹாவ் டு சே சொறி” என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஹெலனுக்கு உடனே மெசேஜ் போட்டேன். எங்களுக்கு அது கோயில் பூ என்று விளக்கினேன். அவள் சிரிக்கிற முகம் ஒன்று போட்டு, அம்மாவுக்கு அதைச் சொல்லிவிட்டேன், கோபமில்லை என்று எழுதினாள். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பியது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

உன் தாளை இப்போது பாடமாக்கிக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் உன்னை இருத்தித் தேவாரம் பாடமாக்க வைத்ததற்குப் பழிவாங்குகிறாய். பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கட்டிலில் இருக்கக்கூடாது. டொக்டர் என்ன சொன்னார், எப்ப வீட்டுக்கு விடுவினம் என்று கேட்கக்கூடாது. மற்றவர் வருத்தம் பற்றி மூச்சும் விடக்கூடாது. எதையும் நாலாகக் கொண்டு போகக்கூடாது, நாலுக்கும் சாவுக்கும் அங்கே ஒரே சத்தமாம். தொட்டியோடு செடி கூடாது, வருத்தமும் வேர் பிடித்துவிடுமாம். பெட்டியில் அடைத்த ஜூஸ் போத்தல்கள் நல்லதாம். பக்கத்துக் கட்டிலுக்கும் ஒன்று கொடுக்க வேண்டுமாம். இது எனக்கு நன்றாகப் பிடித்தது. எங்கள் ஆட்கள் பக்கத்துக் கட்டில்காரரிடம் எந்த ஊர் என்று விசாரிப்பதோடு சரி.

பெயர் சொல்லிக் கூப்பிடாமல் “சாஜங்னிம்” என்று கூப்பிடச் சொன்னாய், முதலாளி என்ற மரியாதைச் சொல். பதினாறு வருடம் மிஸிஸ் யுன், மிஸிஸ் யுன் என்று கூப்பிட்டிருக்கிறேனே, அவருக்கு எப்படி இருந்திருக்கும்? உடம்பு எப்படி என்று கேட்க “மொமுன் ஜொம் ஒத்தொசேயோ”. கெதியாகச் சுகமாகுங்கோ என்பதற்கு “ப்பல்லி நாஉசேயோ”. இதில் பல்லி எங்கே வந்தது என்று அத்தான் கேட்கிறார், அவரை விடு. பராமரிக்கிறவர்களிடம் “கொசெங் மனுஷினேயோ”, அதாவது நீங்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஹெலனைப் பற்றி நான் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை.

அந்தப் பெரிய வசனத்தைத்தான் நாக்குப் புரளப் புரளச் சொல்லிப் பார்க்கிறேன். “ஜே தொங்செஙுல் சாஜ ஜுஷொசொ கொமப்சும்னிதா.” என் தம்பியைக் கண்டுபிடித்துத் தந்ததற்கு நன்றி. ஃபிஞ்ச் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போகிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பி வேறு இடத்துக்குப் போகிறார்கள்.

தாளின் கீழ்ப்பாதியில் பென்சிலால் எழுதின மூன்று வரிக்கு நீ கருத்து எழுத மறந்துவிட்டாய். மேலே நீலப் பேனை, கீழே பென்சில், பேனை முடிந்துபோய்விட்டதாக்கும். பரவாயில்லை, அதையும் சேர்த்துப் பாடமாக்கிவிட்டேன். வருத்தம் பார்க்க என்று எழுதியதுதானே, நல்ல சொல்லாகத்தான் இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். அங்கே ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலுக்குக் கீழே இருந்து இழுக்கிற பதிவான சின்னக் கட்டில் ஒன்று இருக்கும், வீட்டுக்காரர் ஒருவர் அதில்தான் படுப்பது என்று எழுதியிருந்தாய். இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும்? கூட வேலை செய்கிற பெடியள் யாரையும் பார்க்கப் போனாயோ? போயிருந்தால் நல்ல காரியம். எங்கள் அம்மா இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பா.

அடுத்த சனிக்கிழமை அல்லது அதற்கு அடுத்த சனி மீண்டும் போகிறேன். ஹெலன் வரச் சொல்லியிருக்கிறாள். சரியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்காகக் கும்பிடு.

உன்னால் தலைநிமிரப் போகிற,
அக்கா சந்திரவதனா


ஸ்காபரோ,
மார்ச் 30, 2025

என் அன்புத் தம்பி துஷாந்துக்கு,

இதை ஆறுதலாக இருந்து வாசி. வேலைத்தலத்தில் நின்றுகொண்டு வாசிக்காதே.

நேற்றுப் போனேன். பத்து போத்தல் பேரிக்காய் ஜூஸ் பெட்டி ஒன்று, கொரியன் கடையில் வாங்கியது. தோடம்பழம் ஐந்து. மிஸிஸ் யுன்னுக்கு இன்னும் தண்ணீர்ப் பதத்தில் ஒன்றும் விழுங்கக் கொடுப்பதில்லை, ஜூஸ் ஹெலனுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும்தான். பக்கத்துக் கட்டிலில் ஒரு இத்தாலியக் கிழவர். இரண்டு போத்தலை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னை ஆசீர்வதித்தார்.

வாசலில் நின்று குனிந்து, “சாஜங்னிம்” என்றேன். அவர் கண்ணைத் திறந்தார். இந்த முறை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. உடம்பு எப்படி என்று நீ எழுதித் தந்தபடி கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடையில் நான் தையலைக் கோணலாக அடித்தால் பார்ப்பாரே, அதே பார்வை. பிறகு சிரித்துவிட்டார். ஒரு பக்கம்தான் சிரித்தது, ஆனால் சிரித்தார். கொரியனில் ஏதோ நீளமாகச் சொன்னார். உச்சரிப்பு மோசம் என்று சொல்கிறார் என்று ஹெலன் சொன்னாள்.

ஹெலனைப் பார்த்து “கொசெங் மனுஷினேயோ” என்றேன். அந்தப் பிள்ளை அப்படியே கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டது. ஆறு கிழமையாக வருகிறவர் போகிறவர் எல்லாரும் அம்மா எப்படி என்றுதான் கேட்டார்களாம், தன்னிடம் ஒருவர் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவையாம். இந்தப் புண்ணியம் உனக்கு.

பிறகு பெரிய வசனத்தைச் சொன்னேன். நாக்கு ஒரு எழுத்திலும் புரளவில்லை. தம்பியைக் கண்டுபிடித்துத் தந்ததற்கு நன்றி. ஒரு தரம் சொன்னேன். விளங்கவில்லையோ என்று இரண்டாம் தரமும் சொன்னேன். அவர் இடது கையை மெல்லத் தூக்கி, காதடியில் வைத்தார், துஷா. போன் பிடிப்பது போல. “தொங்செங்” என்றார். தம்பி. கையைக் காதிலே வைத்தபடியே இருந்தார், கண்ணால் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. இங்கிலீஷ் போனாலும் அந்தப் பத்தொன்பது நாள் போகவில்லை. நான் குனிந்து அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அது உன் தாளில் இல்லை, நானாகச் செய்தது. அவர் ஏசவில்லை.

அதோடு நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கடிதம் இங்கே முடிந்திருக்கும். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. சொன்னதெல்லாம் சரிவந்துவிட்டதே, மிச்சத்தையும் சொல்லுவோம் என்று உன் பென்சில் வரி மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, நல்ல சத்தமாகச் சொன்னேன்.

“சொனி ஜொரியொயோ. ஜின்தொங்ஜே ஜுசேயோ. பொஹோஜா ஒப்சொயோ.”

ஹெலன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். மிஸிஸ் யுன் சிரிப்பதை நிறுத்திவிட்டார். தன் இடது கையை நீட்டி என் கையைப் பிடித்து, விரல் ஒவ்வொன்றாக அமத்தி அமத்தித் தேய்த்தார். பலமே இல்லாத கை. தேய்த்தபடி திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். “நேகா இச்சானா, நேகா இச்சானா.” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் முடிந்தது, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஹெலன் பின்னாலேயே வந்து, லிஃப்டடியில் என்னை மறித்து, அந்தக் கடைசி மூன்று வரியையும் யார் எழுதித் தந்தது என்று கேட்டாள். என் தம்பி என்றேன். தாளைப் பார்க்கலாமா என்றாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது, நான் வாசிக்க வாசிக்க இங்கிலீஷில் சொன்னாள். கை விறைக்கிறது. நோவுக்கு மருந்து தாங்கோ. எனக்கு ஆள் இல்லை.

இவை வருத்தம் பார்க்கப் போகிறவர் சொல்கிற சொற்கள் இல்லையாம். கட்டிலில் கிடக்கிறவர் சொல்வதாம். கொரியாவில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பொஹோஜா எங்கே என்றுதான் முதலில் கேட்பார்களாம். கையெழுத்து வைக்கிறதுக்கு, பக்கத்தில் படுக்கிறதுக்கு, சோறு எடுத்துக் கொடுக்கிறதுக்கு ஒரு ஆள். அந்த ஆளுக்குத்தான் பொஹோஜா என்று பெயர். உங்கள் தம்பி எவ்வளவு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்று அவள் கேட்டாள். நான் லிஃப்ட் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்கழி, ஏழு கிழமை. ஓவர்டைம்.

பழைய கொப்பியில் மேலே மட்டும் வெறுமையாக இருந்த ஒரு தாளில் எனக்கு எழுதியிருக்கிறாய். கீழே, ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ உனக்கென்று எழுதி வைத்த உன் கதை இருந்தது. படம் எடுக்கும்போது நீ அதைக் கவனிக்கவில்லை. அல்லது கவனித்துவிட்டுத்தான் அனுப்பினாயோ, அதை நான் கேட்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் தாளைக் காட்டி, ஹெலன் சொன்ன கருத்தைச் சொன்னேன். அவர் குசினிக்குள் போய் நெடுநேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அட்சயா “மாமா ஒல்ரைட்டோ? மாமா ஒல்ரைட்டோ?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். குறுக்கால போவானே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று இரவு முழுக்க ஏசினேன். பிறகு விளங்கியது. பத்தொன்பது நாள் நான் பட்டதை யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள், அதை அக்கா இன்னொரு தரம் படக்கூடாது என்று நினைத்துவிட்டாய். நீ நினைத்தது பிழை, தம்பி. தெரியாமல் இருந்ததுதான் அப்போது என்னைக் கொன்றது. தெரிந்திருந்தால் அழுதுவிட்டுச் சமைத்துச் சாப்பிட்டிருப்பேன்.

ஆனாலும் இன்று காலை கோயிலில் நன்றிதான் சொல்லிவிட்டு வந்தேன். வாய்விட்டு, சத்தமாக, பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்கச் சொன்னேன். நீ உயிரோடு இருக்கிறாய். பேனை பிடித்து எழுதுகிறாய். யாரோ உன்னைப் பார்க்க ஜூஸ் பெட்டியோடு வந்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் நீ அதை எழுதியிருக்கமாட்டாய். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர் யாரோ உனக்கும் ஒரு போத்தல் தந்திருக்கிறார். அவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும்.

மிஸிஸ் யுன் அடுத்த ஞாயிறு ஏறுகிறார். இறங்குகிற இடம், ஆஸ்பத்திரி எல்லாம் ஹெலன் எழுதித் தந்திருக்கிறாள், தனியே அனுப்புகிறேன். உன் இடத்திலிருந்து பஸ்ஸில் மூன்று மணித்தியாலம்தானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவருக்கு முன்னால் நில். அன்று நீங்கள் போனில் தேடிய பெடியன் நான்தான் என்று அவருடைய மொழியில் சொல். அந்தக் கையை அவரிடம் காட்டு, எந்தக் கை என்று எனக்கு இன்னும் தெரியாது. அவர் தேய்த்தது என் கை என்றாலும், அந்த ஆறுதல் உன் கைக்கு வரவேண்டியது. நோகிறது என்று சொன்னது உன் வாய்தானே, நான் சும்மா நடுவில் நின்றேன். “நேகா இச்சானா” என்றால் நான் இருக்கிறேனே என்று கருத்தாம். லிஃப்டடியில் ஹெலன் அதைச் சொன்னபோதுதான் நான் அழுதேன்.

இன்றிரவு வீடியோவில் எடு. படம் தெரியவில்லை, கமரா பழுது என்ற கதையெல்லாம் வேண்டாம். வெட்டினதோ, நசிந்ததோ, எத்தனை விரல் இருக்கிறதோ, எல்லாவற்றையும் காட்டு. நான் கத்தமாட்டேன். கத்தினாலும் நீ வைக்காதே.

இன்னுமொன்று. நாளைக்கே உன் கொம்பனி அலுவலகத்துக்குப் போ. ஆஸ்பத்திரிக் கடதாசி, இன்சூரன்ஸ் கடதாசி, எதுவானாலும் சரி, பொஹோஜா என்று கேட்கிற இடத்தில் என் பெயரையும் போன் நம்பரையும் எழுது. தூரம் என்று சொல்வார்கள். நேர வித்தியாசம் என்று சொல்வார்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன் என்று சொல். அப்பா அம்மா இல்லாத பிள்ளைதான், ஆனால் ஆளில்லாத பிள்ளை இல்லை நீ. இனி எவர் கேட்டாலும் அந்த “ஒப்சொயோ”வை மட்டும் சொல்லாதே, ராசா.

முருகன் உனக்குத் துணை.

உன் பொஹோஜா,
சந்திரவதனா